முள் நடுவில் நிற்கிறது

1

இன்று காலை ஒரு சத்தம் கேட்கவில்லை. இந்தக் கதை அதனால்தான் தொடங்குகிறது.

எதிர்வீட்டு ராதிகாவின் பிக்கப் வண்டி விடியும் முன்பே கிளம்பிவிடும். அவள் சாவியைத் திருப்பியதும் இன்ஜினுக்கு முந்திக்கொண்டு ரேடியேட்டர் ஃபேன் எழுந்துகொள்ளும். சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளின் சுவர்கள் மெல்லியவை. மாதக்கணக்கில் அந்த இரைச்சல்தான் எனக்கு அலாரம். இன்று இன்ஜின் மட்டும் கேட்டது. ஃபேன் கேட்கவில்லை.

கேட்கக் கூடாதுதான். நேற்று சாயங்காலம் நாங்கள் அதைச் சரிசெய்துவிட்டோம். நிற்காமல் ஓடிய ஃபேன் நின்றுவிட்டது, அவ்வளவுதான், என்று நினைத்தபடி பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதை இப்போதே சொன்னால் உங்களுக்குப் பயமாக இருக்காது. எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிவதற்கு அந்த ஃபேன் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நான் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவன். விளக்காமல் ஒரு அடி நகர மாட்டேன். ராதிகாவைப் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். வண்டி ஓட்டும்போது அவள் எடுக்க மாட்டாள். போனை டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவாள். அவள் இந்நேரம் பேத்தமங்களாவில் பூ ஏற்றிக்கொண்டிருக்கலாம். இனி அவள் பங்காருபேட்டை ஸ்டேஷன் போய்ச் சேரும்வரை எனக்கு எழுதுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ஒரு காலத்தில் தங்கம் தோண்டிய இந்த ஊரில் இப்போது—"

இல்லை. இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் தங்கத்தில்தான் தொடங்குகிறார்கள். ராதிகாவின் கதையில் தங்கம் எங்கும் வரவில்லை. [காதில் இருப்பது கவரிங்.]

"ராதிகா துணிச்சலான பெண். அவள்—"

இதை அவள் படித்தால் சிரிப்பாள். கிணற்றுத் தவளையைக் கண்டாலே அலறுகிறவள்.

"ஒரே இன்ஜினுக்கு இரண்டு சாட்சிகள் இருந்தார்கள். ஒருவர் சில்லென்று இருக்கிறது என்றார். மற்றவர் கொதிக்கிறது என்றார்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

முதல் சாட்சி, டாஷ்போர்டில் இருக்கும் சூடு காட்டும் முள். அது எப்போதும் அடியிலேயே, குளிர் என்று குறித்த இடத்தில் படுத்துக் கிடந்தது. இரண்டாவது சாட்சி, ரேடியேட்டர் ஃபேன். இன்ஜின் சூடேறினால் மட்டும், அதைக் குளிர்விக்க ஓட வேண்டியது அது. சாவியைத் திருப்பிய நொடியிலிருந்து, விடியற்காலைப் பனியிலும், முழு வேகத்தில் ஓடியது. இரண்டுமே ஒரே இன்ஜினைத்தான் பார்க்கின்றன. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

அப்படித்தான் நினைத்தோம். இரண்டுமே பொய் சொல்லலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

3

ராதிகா பல வருடங்கள் ரயிலில் பெங்களூருக்குப் போய் வேலை செய்தவள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். இருட்டில் போய் இருட்டில் திரும்புவார்கள். அவள் கணவன் மனோகர் இப்போதும் போகிறான். பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, பேத்தமங்களா தோட்டங்களிலிருந்து பூ மூட்டைகளை பங்காருபேட்டை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், பெங்களூர் ரயிலில் ஏற்றிவிடுகிற வேலையை ராதிகா பிடித்தாள்.

"இன்னாத்துக்கு இந்த வேலைன்னு கேக்கறாரு சார், எங்க வூட்டுக்காரரு. என் பாதித் தூக்கத்த அந்த ரயில்ல நின்னுகினே தூங்கிட்டேன். மீதியாவது வூட்ல தூங்கறேனே."

வண்டி போனால் மறுபடியும் அந்த ரயில்தான். அதை அவள் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் இந்தக் கதையில் பணயம் அதுதான், வேறெதுவும் இல்லை.

வாங்கின நாளிலிருந்தே ஃபேன் நிற்காமல் ஓடியது. யாரும் கவலைப்படவில்லை. வேறு ஊரில் யாராவது முதல் வாரத்திலேயே "இதென்ன, நிற்கவே மாட்டேன் என்கிறது?" என்று கேட்டிருப்பார்கள். இங்கே கேட்க மாட்டார்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் வீடுகள் இவை. கீழே காற்று அனுப்பும் ஃபேன் ஓடுகிறவரை உயிர் உண்டு. நின்றால் எல்லோரும் மேலே வர வேண்டும்.

"எங்க நைனா எத்தினி வருஷம் கேஜ்ல சொரங்கத்துக்கு எறங்கினாரு தெரியுமா?" என்றான் மனோகர். "ஃபேன் சத்தம் கேக்கற வரைக்கும் ஒண்ணியும் ஆவாதுன்னு சொல்வாரு. ஓடற ஃபேனப் போயி ஏன் நிறுத்தணும்ன்றீங்க? நின்னா சொல்லுங்க, நான் வரேன்."

[இந்த வரியை அவன் சொன்ன அன்று சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.]

பிறகு முள் இன்னொரு வேலை ஆரம்பித்தது. அடியில் படுத்துக் கிடந்தது, ஏரிக்கரைக் குண்டும் குழியுமான ரோட்டில் திடீரென்று மேலே பாய்ந்து சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. சிவப்பைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்? வண்டியை ஓரம்கட்டி அணைக்க வேண்டும். ராதிகா அதைத்தான் செய்தாள். போனட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். ரயில் போய்விட்டது. இன்னொரு நாளும் அப்படியே.

பூ அனுப்பும் தோட்டக்காரர்களில் பெரியவர் கோவிந்தன். அவர் கத்தவில்லை.

"இன்னொரு தபா நடு ரோட்ல நின்னா நான் வேற வண்டி பாத்துக்கறேம்மா. பூ காத்துகினு இருக்காது."

"முள்ளு செகப்புல நிக்குதுண்ணா. நான் இன்னா பண்றது?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்றியா, முள்ளப் பாத்து ஓட்றியா?"

4

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம் என்று எழுதி, அடித்துவிட்டேன். தாண்டாதீர்கள். கடைசியில் உங்களுக்குத்தான் தேவைப்படும்.)

இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குள் ஒரு சென்சார் மூக்கை நீட்டிக்கொண்டு இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஒரு துணுக்கு, குளிரில் மின்சாரத்தை இழுத்துப் பிடிக்கும். சூடேற ஏற, விட்டுக்கொடுக்கும். எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதை ஒரு ஒயர் வழியாக வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டி அளக்கிறது. அதை வைத்து இரண்டு காரியம் செய்கிறது: முள்ளை நகர்த்துகிறது, ஃபேனை எழுப்புகிறது அல்லது தூங்கவைக்கிறது. இரண்டு சாட்சிகள் என்று சொன்னேன் அல்லவா? உண்மையில் சாட்சி ஒருவர்தான், அந்த ஒயர். முள்ளும் ஃபேனும் அவர் சொன்னதைக் கேட்டு வந்து நம்மிடம் சொல்பவர்கள்.

ஒயர் அறுந்துவிட்டால்? மின்சாரம் போகவே வழியில்லை. பெட்டிக்கு அது அதிகபட்சக் குளிராகத் தெரியும். முள் அடியில் படுக்கும். ஆனால் பெட்டி முட்டாள் அல்ல. ஓடுகிற இன்ஜின் இவ்வளவு குளிராக இருக்க முடியாது, எனக்கு ஏதோ தெரியாமல் போய்விட்டது என்று அதற்குப் புரியும். தெரியாதபோது பாதுகாப்பானது எதுவோ அதைச் செய்: ஃபேனை ஓட்டிக்கொண்டே இரு.

அறுந்த ஒயரின் நுனி வண்டியின் இரும்பில் பட்டால்? மின்சாரம் தடையே இல்லாமல் பாயும். பெட்டிக்கு அது பயங்கரச் சூடு. முள் சிவப்புக்குத் தாவும்.

ஆக, சில்லென்று இருக்கிறது, கொதிக்கிறது, நிற்காமல் ஓடும் ஃபேன், எல்லாம் ஒரே அறுந்த ஒயரிலிருந்து வரலாம். இதை இவ்வளவு அழகாக இன்று எழுதுகிறேன். அப்போது எங்களுக்கு இதில் ஒரு வார்த்தையும் தோன்றவில்லை.

5

நாகேஷ் ஆண்டர்சன்பேட்டையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். நல்லவன். எதையாவது கழற்றாமல் இருந்தால் அவனுக்குக் கை அரிக்கும்.

"சென்சார் போயிருக்குக்கா. சென்சார் போனா எல்லாம் போன மாதிரி."

புது சென்சார் போட்டான். ஃபேன் ஓடியது.

"அப்ப ரிலே."

"ரிலேன்னா இன்னாப்பா?"

"ரிலேன்னா... ரிலேதான்க்கா."

(ரிலே என்பது ஒரு வேலைக்காரச் சுவிட்ச். பெட்டி மெல்லிய குரலில் கட்டளையிடும். ரிலே பலமான மின்சாரத்தை ஃபேனுக்குத் திறந்துவிடும். இதை நான் அப்போதே ராதிகாவுக்குத் தாளில் படம் போட்டுக் காட்டினேன்.)

புது ரிலே போட்டான். ஃபேன் ஓடியது.

"இப்ப இன்னா போயிருக்கு நாகேஷு?"

"மானம்தான்க்கா."

எனக்கும் ஒரு கொள்கை இருந்தது. தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் மூடாமல் சிக்கிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் முள் அடியில் கிடக்கிறது என்று மூன்று படம் போட்டு விளக்கினேன். அப்படியானால் ஃபேன் ஏன் ஓடுகிறது என்று ராதிகா கேட்டாள். நான்காவது படத்துக்குத் தாள் தேடினேன்.

"சார், நீங்க சொல்றது நல்லா புரியுது. வண்டிக்குத்தான் புரிய மாட்டேங்குது."

6

நேற்று. இதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

"ஏறுங்க ரெண்டு பேரும்" என்றாள் ராதிகா. நாகேஷ் நடுவில், நான் ஓரத்தில். ஊரகம் என்ற பகுதிக்குப் போகும் ரோட்டில், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் வேகத்தடை ஹம்ப்பை நோக்கி ஓட்டினாள். "ரோட்டப் பாக்காதீங்க. முள்ளப் பாருங்க."

வண்டி ஹம்ப்பில் ஏறியது. முள் சிவப்புக்குப் பாய்ந்தது. இறங்கியது. முள் விழுந்தது. திருப்பிக்கொண்டு வந்து மறுபடி ஏற்றினாள். மறுபடி பாய்ந்தது.

"பாத்தீங்களா? ஹம்ப்ல ஏறினா கொதிக்குது, எறங்கினா ஆறிப்போவுது. எங்கனா இன்ஜின் இப்பிடி காயுமா? ஒரு தோசக்கல்லு காயவே எவ்ளோ நேரம் ஆவுது!"

இயற்பியல் பாடத்தில் நான் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருப்பது இதுதானே. வெப்பத்துக்குத் தாவத் தெரியாது. அது ஊர்ந்துதான் வரும். தாவுவது மின்சாரம். தாவுகிற முள் சூட்டைக் காட்டவில்லை, ஒயரைக் காட்டுகிறது.

"ஒயரு!" என்று நானும் நாகேஷும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் ராதிகா.

போனட்டைத் திறந்து, ஒயர்களை விரலால் தடவிக்கொண்டே போனான் நாகேஷ். ரேடியேட்டருக்கு மேலே, போனட் பூட்டுக்குப் பக்கத்தில், கறுப்பு டேப் சுற்றிய ஒயர் கட்டு ஒன்று ஓடுகிறது. அங்கே விரல் நின்றது. கட்டடக்காரர்கள் கம்பி முறுக்கும் கட்டுக்கம்பி, அந்த ஒயர் கட்டைச் சுற்றி இறுக்கி முறுக்கியிருந்தது. டேப்பை அறுத்து, உள்ளே இருந்த ஒயரை அறுத்து, ஒவ்வொரு முறை போனட் அதிரும்போதும் நுனியை இரும்பில் உரசவிட்டிருந்தது. முறுக்குக்குள் ஏதோ காய்ந்த தூள். நாகேஷ் எடுத்து மோந்து பார்த்தான்.

"சாமந்திக்கா."

ராதிகா அந்தத் தூளை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

வண்டி வாங்கிய அன்று, முதல் லோடுக்கு முன், பூஜை போட்டிருக்கிறார்கள். எலுமிச்சம்பழம், கற்பூரம், முகப்பு முழுக்க மறைக்கிற சாமந்தி மாலை. நூலில் கட்டினால் பேத்தமங்களா தாண்டுவதற்குள் பறந்துவிடும் என்று கட்டுக்கம்பியில் கட்டியிருக்கிறார்கள். மாலை வாடி உதிர்ந்தது. கம்பி மிச்சம். வண்டி வந்த நாளிலேயே பழுதும் வந்துவிட்டது. அந்த வண்டி நன்றாக இருந்தால் எப்படிச் சத்தம் போடும் என்று ராதிகா ஒருநாள்கூடக் கேட்டதில்லை. முள் நடுவில் நின்று பார்த்ததும் இல்லை.

நடு ரோட்டில் நிறுத்தி போனட்டைத் திறந்தபோதெல்லாம் கம்பி தளர்ந்து, நுனி விலகி, முள் விழுந்திருக்கிறது. அவள் அதை 'ஆறிவிட்டது' என்று எடுத்துக்கொண்டாள். யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"மால யாரு கட்னது?" என்றேன்.

"கோவிந்தண்ணன்" என்றாள். "அவர் தோட்டத்துப் பூ. யாரையும் தொட உடல, அவரே நின்னு கட்னாரு."

7

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம். கோவிந்தனை என்ன செய்வது?

வண்டி நின்றால் வேறு வண்டி பார்ப்பேன் என்று சொன்னவரே, வண்டியை நிற்கவைத்த கம்பியைக் கட்டினார் என்றால், வாசகர் என்னை நம்புவாரா? இப்படிப் பொருந்துவது கதையில் வந்தால் செயற்கை. அதனால் ஒரு பிரதியில், "எலி கடித்த ஒயர்—" என்று எழுதிப் பார்த்தேன். எலி எனில் யாருக்கும் சங்கடமில்லை. ஆனால் எலி பூஜை போடாது. ஆசையாகக் கட்டியதால் அறுந்தது என்பதை விட்டுவிட்டால் இந்தப் பழுதே எனக்குப் புரியாமல் போகிறது. எலியை அடித்துவிட்டேன்.

"அவருகிட்ட சொல்லப் போறியா?" என்று கேட்டேன்.

"வோணாம் சார். மனசு கஷ்டப்படுவாரு." கம்பி முறுக்கை டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடினாள். இந்நேரம் அது அவள் போனோடு சேர்ந்து குலுங்கிக்கொண்டிருக்கும், நான் கூப்பிடும் அதிர்வையும் சேர்த்து.

[அவளை இப்படி எழுதுவதில் எனக்கு இன்னொரு தயக்கம். அவள் சொல்லாததற்குப் பெருந்தன்மை மட்டுமா காரணம்? சொன்னால் கோவிந்தன் வெட்கப்பட்டு, வெட்கத்தில் லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிடலாம். அவளிடம் கேட்கவில்லை. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.]

8

இப்போது பல் தேய்த்த கைக்கு வருகிறேன்.

நாகேஷ் அடிபட்ட பகுதியை மொத்தமாக வெட்டி எடுத்து, ஒயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து டேப் சுற்றினான். அந்தக் கட்டில் சென்சார் ஒயர் மட்டும் இல்லை. ஃபேனுக்கு மின்சாரம் போகும் ஒயரும் அதிலேயே ஓடுகிறது. நன்றாக இருந்த அந்த ஒயரையும் வெட்டித்தான் சேர்த்தான்.

எங்கள் தெருவில் வைத்து வண்டியைக் கிளப்பினோம். ஃபேன் ஓடவில்லை! தெருவே வெளியே வந்தது. முள் அடியிலிருந்து மெல்ல மெல்ல எழுந்து, நடுவுக்கு வந்து, நின்றது. ராதிகா அதைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயிலிலிருந்து இறங்கி, சாப்பாட்டுப் பையோடு வந்து நின்ற மனோகரின் முகம் மட்டும் மாறியது.

"இன்னா, ஃபேன் நின்னு போச்சா?"

"நின்னுதான்ங்க இருக்கணும்!" என்று ராதிகா சிரித்தாள்.

"எனக்கு இன்னாமோ பயமா கீது."

எல்லோரும் சிரித்தோம். இன்ஜின் இன்னும் போதுமான அளவு சூடாகவில்லை, அதனால் ஃபேன் தூங்குகிறது, சூடு நடுவைத் தாண்டினால் தானாக எழும் என்று நான் அவனுக்குப் பொறுமையாக விளக்கினேன். அவன் தலையாட்டினான். நாகேஷ் இன்ஜினை அணைத்தான். டீ வந்தது.

எழும் என்று விளக்கினேன். எழுவதை யாரும் பார்க்கவில்லை.

அதற்கு வண்டியை இன்னும் கொஞ்ச நேரம் நின்ற இடத்தில் ஓடவிட்டிருக்க வேண்டும். அமைதியைக் கொண்டாடிவிட்டு அணைத்துவிட்டோம். தேவையில்லாமல் ஓடாத ஃபேனும், தேவைப்பட்டாலும் ஓட முடியாத ஃபேனும் ஒரே மாதிரிதான் அமைதியாக இருக்கும். காலையில் நாகேஷைக் கூப்பிட்டேன்.

"இன்னா சார், அதான் நின்னுடுச்சே!"

"நின்னுது. மறுபடி ஓடுச்சா?"

அந்தப் பக்கம் ஸ்பானர் ஒன்று கீழே விழும் சத்தம்.

"நாகேஷு?"

"நல்லாத்தான் சேத்தேன் சார்." பிறகு, "நல்லாத்தான் சேத்திருப்பேன் சார்."

9

கோலார் ரோட்டில் வேகமாகப் போகும்போது பிரச்சினை இல்லை. எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், ஃபேன் வேண்டாம். வண்டி ஊர்ந்தால்தான் ஃபேன் வேண்டும். பங்காருபேட்டை பஜாருக்குள் எந்த வண்டியும் ஊர்ந்துதான் போகும்.

முடிவு, முதல் பிரதி: பஜாரில் முள் நடுவைத் தாண்டுகிறது, ஃபேன் எழுகிறது, ராதிகா ரயிலைப் பிடிக்கிறாள், கோவிந்தன்— எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. அதனாலேயே நிறுத்திவிட்டேன். நேற்றும் இதே சந்தோஷத்தில்தான் இன்ஜினை அணைத்தோம்.

முடிவு, இரண்டாம் பிரதி: போனட்டின் விளிம்பிலிருந்து ஆவி. பூ மூட்டைகளின் வாசனைக்கு மேலே ரப்பர் வெந்த வாசனை. நாளைக் காலை எங்கள் தெருவிலிருந்து ஸ்டேஷனுக்கு இரண்டு பேராக நடந்துபோகும் மனோகரும்—

இதை முடிக்க என்னால் முடியவில்லை.

ஆகவே, நீங்கள் ஏறுங்கள். ராதிகாவின் இடத்தில் உட்காருங்கள். முன்னால் ஒரு பஸ்; பின்னால் ஆட்டோக்கள். பின்பக்கம் கோவிந்தனின் சாமந்தி. தூரத்தில் ரயில் ஸ்டேஷனுக்குள் நுழையும் ஹாரன். இங்கே அணைத்தால் ரயில் போய்விடும், லோடும் போய்விடும். அணைக்காமல், ஃபேனும் எழாமல் போனால், இன்ஜினே போய்விடும்.

முள் நடுவைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. தாவவில்லை. ஊர்கிறது. தோசைக்கல் நினைவிருக்கிறதல்லவா? இந்த முறை அது பொய் சொல்லவில்லை. ஃபேன் எழ வேண்டிய இடம் நடுவுக்குச் சற்று மேலே, இதோ இந்த இடத்தில்தான்.

கண்ணாடியை இறக்குங்கள். பஸ் உறுமுகிறது, பழக்காரர் கூவுகிறார், டாஷ்போர்டு பெட்டிக்குள் ஏதோ அதிர்கிறது. அது நான்தான், விட்டுவிடுங்கள். அத்தனைக்கும் அடியில், போனட்டுக்குள்ளிருந்து அந்த இரைச்சல் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் ஓட்டுங்கள். வராவிட்டால், சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் விளக்கிவிட்டேன். எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருப்பது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.